'இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல அண்ணாச்சி!' - வீடு கட்டும் இடத்தின் பாதுகாப்புக்கு மார்க் போடுவது எப்படி?

பாளையங்கோட்டை, பெருமாள்புரம், தச்சநல்லூர், பேட்டை, மேலப்பாளையம்... திருநெல்வேலியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு வீடாவது கட்டிக்கொண்டிருப்பார்கள். வாசலில் ஜல்லிக் குவியல், எம்-சாண்ட், கம்பிக் கட்டு. முகப்பில் நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு திருஷ்டி பொம்மை. கண்ணு படக் கூடாது என்பதற்கு ஏற்பாடு பக்கா. ஆனால், இரண்டாவது மாடி விளிம்பில் வெறுங்காலோடு நின்று பூச்சு வேலை பார்க்கும் கொத்தனார் கீழே விழக் கூடாது என்பதற்கு என்ன ஏற்பாடு?

மேஸ்திரியிடம் கேட்டால் நம்ம ஊரில் வழக்கமாக ஒரு பதில் வரும். "இருவது வருசமா ஏறுதோம். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல அண்ணாச்சி!"

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதில், நேற்று வரை என்ன நடந்தது என்பதை மட்டும்தான் சொல்கிறது. நாளைக்கு என்ன நடக்கும் என்பதற்கு அதில் ஒரு தகவலும் இல்லை. ஹெல்மெட் போடாமல் பைக் ஓட்டும் நண்பனும் இதையேதான் சொல்வான், இல்லையா?

அப்படியென்றால் பாதுகாப்பை எப்படித்தான் அளப்பது? அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்கும் ஒரு எளிய வழியை உங்கள் கையில் இருக்கும் மொபைலை வைத்தே செய்துவிடலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நெல்லை மறக்கக் கூடாத இரண்டு தேதிகள்

2021 டிசம்பர் 17. திருநெல்வேலி டவுனில் உள்ள சாஃப்டர் மேல்நிலைப் பள்ளியில் கழிவறைச் சுவர் இடிந்து விழுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்யும் வேலை வேகமெடுத்தது. பாழடைந்த கட்டடங்கள் இடிக்கப்பட்டன.

2022 மே 14. முன்னீர்பள்ளம் அருகே அடைமிதிப்பான்குளத்தில், சுமார் 300 அடி ஆழக் கல்குவாரியில் இரவு நேரத்தில் பாறை சரிந்தது. 6 தொழிலாளர்கள் சிக்கினார்கள். 4 பேர் இறந்தார்கள். மேலே இருந்து தொடர்ந்து கற்கள் சரிந்துகொண்டே இருந்ததால், மீட்பு வேலை நாள்கணக்கில் இழுத்தது. குவாரிக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம் வீட்டுத் தளத்துக்கான ஜல்லியும் எம்-சாண்டும் இதுபோன்ற குவாரிகளில் இருந்துதான் வருகின்றன.

இந்த இரண்டு இடங்களிலும் முந்தின நாள் போய், "இங்க பாதுகாப்பு எப்படி?" என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? "இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல" என்றுதானே!

உலகம் போடும் கணக்கு

பெரிய கட்டுமானத் தளங்களின் வாசலில் ஒரு போர்டு பார்த்திருப்பீர்கள். 'விபத்தில்லாத நாள்கள்: 212' என்ற மாதிரி. அதற்குப் பின்னால் ஒரு முறையான கணக்கு உண்டு. ஐ.எஸ் 3786 என்ற இந்தியத் தர நிர்ணயமே இதற்காக இருக்கிறது. அதில் முக்கியமான அளவுகள் இரண்டு.

முதலாவது, விபத்து எத்தனை முறை நடக்கிறது என்பது. வேலைக்கு வர முடியாத அளவுக்குக் காயம் பட்ட சம்பவங்களை எண்ண வேண்டும். அதை 10 லட்சத்தால் பெருக்கி, எல்லாரும் சேர்ந்து வேலை பார்த்த மொத்த மணி நேரத்தால் வகுக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், 10 லட்சம் மணி நேர வேலைக்கு எத்தனை காயம்?

இரண்டாவது, விபத்து எவ்வளவு கடுமையானது என்பது. இதில் காயங்களின் எண்ணிக்கைக்குப் பதிலாக, அந்தக் காயங்களால் இழந்த வேலை நாள்களை வைத்துக் கணக்குப் போடுவார்கள். விரலில் தையல் போட்டு 5 நாள் லீவு என்றால் 5. ஒருவர் இறந்துவிட்டால்? 6,000 நாள்கள் என்று எழுத வேண்டும். ஒரு மனிதர் உழைத்திருக்கக்கூடிய சுமார் 20 வருடங்கள் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன.

இந்தக் கணக்கின் நல்ல விஷயம், 50 பேர் வேலை பார்க்கும் இடத்தையும் 5,000 பேர் வேலை பார்க்கும் இடத்தையும் ஒப்பிட முடியும். சரி, நம் தெருவில் கட்டும் வீட்டுக்கு இதைப் போட்டுப் பார்ப்போமா?

10 பேர், தினம் 8 மணி நேரம், மாதம் 26 நாள், 6 மாதம். மொத்தம் 12,480 மணி நேரம். ஒரு சித்தாள் படியில் வழுக்கி விழுந்து கை முறிந்து வேலைக்கு வரவில்லை என்று வையுங்கள். கணக்குப்படி இந்தத் தளத்தின் விபத்து விகிதம் 80. அவர் விழாமல் இருந்திருந்தால்? பூஜ்யம்.

அதே ஒரு காயம், 5,000 பேர் வருடத்துக்கு 300 நாள் வேலை பார்க்கும் ஒரு பிரமாண்ட தளத்தில் நடந்தால்? அங்கே மொத்தம் 1 கோடியே 20 லட்சம் மணி நேரம். விகிதம் வெறும் 0.08.

புரிகிறதா? பெரிய தளத்தில் இந்த எண் மெதுவாக ஏறி இறங்கி ஒரு கதை சொல்லும். சின்ன தளத்தில் பூஜ்யம் அல்லது 80. நடுவில் ஒன்றும் கிடையாது. கைப்பிடி இல்லாத படிக்கட்டு இரண்டு கதையிலும் ஒன்றுதான். ஒரு கதையில் அதிர்ஷ்டம் இருந்தது, இன்னொன்றில் இல்லை. அதாவது, வீடு கட்டும் இடத்தில் 'விபத்து பூஜ்யம்' என்ற எண் பாதுகாப்பை அளப்பதில்லை. அதிர்ஷ்டத்தைத்தான் அளக்கிறது!

7 வருட சாதனை... ஒரே ராத்திரியில்!

பெரிய தளங்களிலும் இந்த எண் ஏமாற்றும். 2010 ஏப்ரல் 20. மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்ற எண்ணெய்க் கிணறு தோண்டும் மிதவைத் தளம். வேலை நாள் இழப்பு ஏற்படுத்தும் காயம் ஒன்றுகூட இல்லாமல் 7 வருடங்கள் ஓட்டிய தளம் அது. அந்தச் சாதனையைப் பாராட்ட உயரதிகாரிகள் அன்றைக்குத் தளத்துக்கே வந்திருந்தார்கள். அன்று இரவுதான் கிணறு வெடித்தது. 11 பேர் இறந்தார்கள்.

கை வெட்டு, கால் சுளுக்கு என்று சின்னக் காயங்களைக் குறைத்துவிட்டாலே, பெரிய ஆபத்தும் குறைந்துவிட்டதாக நம்பிவிடுகிறோம். அது உண்மையில்லை. வழுக்கி விழுவதற்கான காரணம் வேறு, கிணறு வெடிப்பதற்கான காரணம் வேறு.

நமக்குத் தெரிந்த உதாரணமும் இருக்கிறது. 2014 ஜூன் 28-ம் தேதி சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்துக்குள் நின்ற ஒவ்வொருவரும் ஹெல்மெட் போட்டிருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. எனவே வீடு கட்டும் இடத்தில் மார்க் ஷீட் இரண்டு தேவை. ஒன்று, அங்கே வேலை செய்யும் ஆட்களின் பாதுகாப்புக்கு. இன்னொன்று, கட்டடத்தின் பாதுகாப்புக்கு.

ஃபின்லாந்து சொல்லித்தந்த மார்க் ஷீட்

விபத்து நடந்த பிறகு எண்ணுவதைவிட, விபத்துக்கு முன்னால் தளம் எப்படி இருக்கிறது என்று எண்ணினால் என்ன? 1990-களில் ஃபின்லாந்தில் இதற்கு ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். பெயர் 'டி.ஆர்' முறை. அவர்கள் மொழியில் கட்டடக் கட்டுமானம் என்ற சொல்லின் சுருக்கம் அது.

விஷயம் ரொம்ப சிம்பிள். வாரம் ஒருமுறை தளத்தை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். கண்ணில் படும் ஒவ்வொன்றையும் 'சரி' அல்லது 'தப்பு' என்று கோடு போட வேண்டும். 'பரவாயில்லை', 'ஓரளவு ஓகே' எல்லாம் கிடையாது. கடைசியில் சரியானவற்றை மொத்தத்தால் வகுத்தால் சதவிகிதம் வந்துவிடும். அதைத் தளத்தின் போர்டில் எல்லாரும் பார்க்கும்படி எழுத வேண்டும். இந்த மார்க் அதிகமாக இருக்கும் தளங்களில் விபத்துகள் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

பார்க்க வேண்டியவை 6. நம் ஊருக்கு ஏற்ற மாதிரி சொல்கிறேன்.

1. ஆட்கள்: ஒவ்வொருவரும் ஒரு கோடு. தலையில் ஹெல்மெட், காலில் ஷூ இருக்கிறதா? ஆபத்தான இடத்தில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறாரா?

2. சாரமும் ஏணியும்: சவுக்குக் கம்பு சாரம் என்றால் கட்டு இறுக்கமா? சுவரோடு பிணைத்திருக்கிறார்களா? நிற்கும் பலகை அகலமா, அல்லது ஒற்றைக் கம்பின் மேலேயே நிற்கிறார்களா?

3. மெஷின்: மிக்ஸரின் பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா? டைல்ஸ் கட்டரின் பிளேடுக்குக் கவசம் இருக்கிறதா?

4. விழாமல் தடுப்பு: மாடி விளிம்பு, படிக்கட்டு, லிஃப்ட் பள்ளம், தளத்தில் விட்ட ஓட்டை... எல்லாவற்றுக்கும் தடுப்போ மூடியோ இருக்கிறதா?

5. கரன்ட்: ஒயரில் ஜாயின்ட் அடித்து டேப் சுற்றியிருக்கிறார்களா? பிளக் இல்லாமல் ஒயரையே சாக்கெட்டில் சொருகியிருக்கிறார்களா? தண்ணீருக்குள் ஒயர் கிடக்கிறதா?

6. ஒழுங்கு: ஆணி நீட்டிக்கொண்டிருக்கும் சென்ட்ரிங் பலகை, வழியில் கிடக்கும் கம்பித் துண்டு, இடித்த கல்.

ஒரு வீட்டில் இப்படிப் பார்த்து 30 கோடுகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். 8 ஆட்களில் 2 சரி. சாரம், ஏணி 4-ல் 1 சரி. மெஷின் 2-ல் 1. விளிம்பும் ஓட்டையும் 6-ல் 1. கரன்ட் 5-ல் 2. ஒழுங்கு 5-ல் 3. கூட்டினால் 30-க்கு 10. அதாவது 33 மார்க். ஃபெயில்!

இப்போது இரண்டே இரண்டு வேலை செய்கிறீர்கள். மாடி விளிம்புகளில் குறுக்குக் கம்பு கட்டி, ஓட்டைகளைப் பலகை போட்டு நகராதபடி மூடுகிறீர்கள். எலெக்ட்ரீஷியனை அரை நாள் கூப்பிட்டு ஒயர்களைச் சரி செய்கிறீர்கள். அடுத்த வாரம் 5 தப்பும் 3 தப்பும் சரியாகிவிட, மார்க் 18/30. அதாவது 60. யாருக்கும் அட்வைஸ் பண்ணவில்லை. யாரையும் திட்டவில்லை. தளத்தை மாற்றினீர்கள், அவ்வளவுதான்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. நீட்டிக்கொண்டிருக்கும் ஆணியும் தடுப்பில்லாத விளிம்பும் இதில் ஆளுக்கு ஒரு கோடுதான். உயிர் விஷயத்தில் இரண்டும் ஒன்றா? அதனால் சில விஷயங்களை மார்க் கணக்கில் சேர்க்கவே கூடாது. தடுப்பில்லாத மாடி விளிம்பில் வேலை, தண்ணீரில் கிடக்கும் ஒயர், முட்டுக் கொடுக்காத ஆழக் குழி. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் மார்க் 90 ஆக இருந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு அதைச் சரி செய்ய வேண்டும்.

'தப்பிச்சோம்டா சாமி'யையும் எண்ணுங்கள்

மேலிருந்து ஒரு செங்கல் விழுகிறது. கீழே யாரும் இல்லை. "தப்பிச்சோம்டா சாமி" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லை எடுப்பார்கள். ஆனால் 3 கிலோ செங்கல் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது தரையைத் தொடும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அங்கே சித்தாள் ஒருவர் பாண்டு தூக்கிக்கொண்டு நடந்திருந்தால் செங்கலுக்கு அது தெரியப்போவதில்லை.

அமெரிக்காவின் ஹெர்பர்ட் ஹைன்ரிச் 1931-லேயே இதைப் பேசினார். ஒரு பெரிய விபத்துக்குப் பின்னால் 29 சின்னக் காயங்களும் காயமே இல்லாத 300 சம்பவங்களும் இருக்கின்றன என்பது அவர் போட்ட கணக்கு. அந்த 300, 29 எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் விமர்சித்தார்கள். அது நியாயம்தான். ஆனால், தப்பித்த சம்பவத்தில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது என்ற யோசனை இன்றைக்கும் நிற்கிறது.

இதற்கு ஆப் எதுவும் வேண்டாம். தளத்துக்கென ஒரு வாட்ஸ்அப் குரூப் எப்படியும் இருக்கும். எத்தனை மூட்டை சிமென்ட் வந்தது என்று போட்டோ போடும் அதே குரூப்பில், 'கல் விழுந்துச்சு, யாருக்கும் அடி இல்ல' என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லுங்கள். முதல் மாதம் இந்த மெசேஜ்கள் அதிகமாக வந்தால் பயப்பட வேண்டாம். முன்பு மறைந்திருந்தது வெளியே வருகிறது என்று அர்த்தம்.

ஒரே ஒரு கண்டிஷன். சொன்னவரைத் திட்டக் கூடாது, கூலியில் பிடிக்கக் கூடாது. 'விபத்தே இல்லன்னா எல்லாருக்கும் போனஸ்' என்றும் அறிவிக்காதீர்கள். அப்படி அறிவித்தால் விபத்து குறையாது. விபத்தைச் சொல்வதுதான் குறையும். ஆணி குத்தியவர் துணியைச் சுற்றிக்கொண்டு, சக ஆட்களின் போனஸ் போய்விடுமே என்று வாயை மூடிக்கொள்வார்.

ஹெல்மெட் கடைசி ஆயுதம்

பாதுகாப்பு என்றாலே ஹெல்மெட் என்று நினைக்கிறோம். பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் அதைக் கடைசி வரிசையில் வைக்கிறார்கள். முதலில் ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் தடுப்பு. அதன் பிறகு விதிமுறை, பயிற்சி. எல்லாம் முடிந்த பிறகுதான் ஹெல்மெட், பெல்ட்.

விழுவதை எடுத்துக்கொள்வோம். 3 மீட்டர் உயரம், அதாவது ஒரு மாடி. அங்கிருந்து விழுந்தால் தரையைத் தொட முக்கால் நொடிதான். வேகம் மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர். பிடித்துக்கொள்ளவோ கத்தவோ நேரம் இல்லை. அதனால்தான் "பாத்து ஏறுங்க" என்ற வார்த்தையைவிட, விளிம்பில் கட்டிய ஒரு குறுக்குக் கம்பு மேலானது. தூண் கம்பியை மாடியில் நின்று கட்டுவதற்குப் பதில், முடிந்தவரை தரையிலேயே கட்டி மேலே ஏற்றினால், உயரத்தில் நிற்கும் நேரமே குறைந்துவிடும்.

குழியை எடுத்துக்கொள்வோம். தாமிரபரணிக் கரையோரம் வயலாக இருந்த இடங்கள் இப்போது பிளாட் ஆகிவிட்டன. மண் ஈரமானது, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் தோண்டினால் பக்கச் சுவர் எப்போது வேண்டுமானாலும் சரியலாம். ஒரு கன மீட்டர் மண்ணின் எடை சுமார் ஒன்றரை டன், ஒரு காரின் எடை! அது நெஞ்சின் மேல் விழுந்தால் மூச்சுவிட முடியாது. 1.5 மீட்டரைவிட ஆழமான பள்ளத்துக்குப் பக்கவாட்டில் முட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரக் குறியீடு. அள்ளிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே கொட்டி வைப்பதும் கூடாது.

கரன்ட்டுக்கு, தளத்தின் தற்காலிக இணைப்பிலேயே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி ஒன்றைப் பொருத்திவிடுங்கள். கசிவு ஏற்பட்ட நொடியே சப்ளையைத் துண்டித்துவிடும். வீடு முடிந்த பிறகு மாட்டப்போவதை வேலை ஆரம்பிக்கும் நாளிலேயே மாட்டினால் போதும். மாடிக்கு நேராக மின்கம்பி போகிறதா என்பதையும் பாருங்கள். நீளமான கம்பியைத் தூக்கித் திருப்பும் ஒரு நொடி போதும், விபரீதத்துக்கு.

கட்டடத்தின் மார்க் ஷீட்டில் சென்ட்ரிங்குக்கு முக்கிய இடம். 'அடுத்த சைட்டுக்குப் பலகை வேணும்' என்று முட்டை அவசரமாகப் பிரிப்பதுதான் பல இடங்களில் ஆபத்து. 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். கான்கிரீட் கட்டுமானத்துக்கான ஐ.எஸ் 456 சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு இது. கான்கிரீட் போட்ட தேதியை அந்தத் தூணிலேயே சாக்பீஸால் எழுதி வைத்தால் சண்டையே வராது. மண் பரிசோதனை நடந்ததா, வரைபடத்தில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரின் கையெழுத்து இருக்கிறதா, அனுமதி வாங்கியதைவிட ஒரு மாடி கூடுதலாக ஏறுகிறதா என்பவையும் இந்த மார்க் ஷீட்டில் வர வேண்டும்.

நம்ம ஊர் ஆள்தான்... சிங்கப்பூரில் மட்டும் எப்படி?

தென் மாவட்டங்களிலிருந்து எத்தனையோ பேர் சிங்கப்பூர் கட்டுமான வேலைக்குப் போகிறார்கள். அங்கே பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் பாஸ் ஆகாமல் தளத்துக்குள் கால் வைக்க முடியாது. பெல்ட்டை மாட்டி, கொக்கியைப் போட்ட பிறகுதான் ஏறுவார். அதே ஆள் லீவில் ஊருக்கு வந்து சொந்த வீடு கட்டும்போது செருப்போடு சவுக்குக் கம்பில் ஏறுவார். ஆள் மாறவில்லை, சுற்றியிருக்கும் ஏற்பாடு மாறிவிட்டது.

அந்த ஏற்பாட்டைச் சிங்கப்பூரும் ஒரு விபத்துக்குப் பிறகுதான் இறுக்கியது. 2004 ஏப்ரல் 20-ல் நிக்கல் ஹைவே பகுதியில் மெட்ரோ சுரங்க வேலையின்போது நிலம் உள்வாங்கி 4 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு அந்த நாட்டில் ஒரு லட்சம் தொழிலாளர்களுக்கு 4.9 பேர் என்ற கணக்கில் வேலையிட மரணங்கள் நடந்தன. 2006-ல் புதிய பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆபத்தை உருவாக்குபவரே அதற்குப் பொறுப்பு என்று ஆனது. விதியை மீறும் கட்டுமான நிறுவனத்துக்குக் கறுப்புப் புள்ளி விழும். புள்ளிகள் சேர்ந்தால் வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்க முடியாது. 2023-ல் அந்த விகிதம் 0.99-க்கு இறங்கியது. அந்த ஆண்டு 36 மரணங்கள். 2024-ல் மறுபடி 43 மரணங்கள், விகிதம் 1.2. 'சாதிச்சுட்டோம்' என்று உட்கார்ந்தால் எண் ஏறிவிடும் என்பதற்கும் அதுவே சாட்சி.

எண்ணினார்கள், வெளியிட்டார்கள், எண்ணுக்கு ஏற்ப நடவடிக்கை எடுத்தார்கள். நம் ஊரில் விபத்து மரணங்களுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கையைப் பார்த்தால், 'உயரத்திலிருந்து விழுந்து இறந்தவர்கள்' என்ற தலைப்பு இருக்கும். சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாரும் மாமரத்தில் ஏறி விழுந்தவரும் அதில் ஒரே எண்ணிக்கைதான். தனியாக எண்ணாத ஒன்றைத் தனியாகக் குறைக்க முடியாதே!

சட்டம் எட்டாத வீடுகள்

சட்டம் இல்லாமல் இல்லை. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான மத்தியச் சட்டம் 1996-ல் வந்தது. அதற்கு முன்பே, 1994-ல் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தை அமைத்துவிட்டது. இப்போது பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழலுக்கான 2020-ம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. 250 அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுமானத் தொழிலாளர்கள் உள்ள இடத்தில் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்கிறது அது.

ஆனால் அதே சட்டத்தின் விளக்கத்தில் இரண்டு விலக்குகள் உண்டு. 10 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் கட்டுமானமும், தனிநபர் தான் குடியிருக்க 50 லட்சம் ரூபாய்க்குள் கட்டும் வீடும் அதன் வரம்புக்குள் வராது. பழைய சட்டத்தில் சொந்த வீட்டுக்கான வரம்பு 10 லட்சம் ரூபாயாக இருந்தது.

இப்போது உங்கள் தெருவை மறுபடி நினைத்துப் பாருங்கள். 8 பேரை வைத்து 40 லட்சத்தில் கட்டும் வீடுகள்தானே அதிகம்? கூடங்குளம் அணுமின் நிலையம் போன்ற பெரிய திட்டத்தில், உயரத்தில் ஏறுகிறவருக்கு முதலில் மருத்துவப் பரிசோதனை நடக்கும், தலைசுற்றல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், தனி பாஸ் கொடுத்த பிறகுதான் ஏற்றுவார்கள். அதே மாவட்டத்தில் நம் தெருவில் மாடியில் நிற்கும் கொத்தனாரைக் கண்காணிக்க எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. அங்கே மிச்சமிருக்கும் ஒரே கண், வீட்டுக்காரரின் கண்தான். லேபர் கான்ட்ராக்ட் விட்டுவிட்டால் 'அது மேஸ்திரி பாடு' என்று நாம் ஒதுங்குகிறோம். மேஸ்திரிக்கோ சதுர அடிக் கணக்கில் கூலி. தடுப்புக் கட்டும் ஒரு மணி நேரம் அவருக்கு நஷ்டம். தப்பு அவருடைய குணத்தில் இல்லை, நாம் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யலாம்?

வீட்டில் கட்டுமானம் நடந்தால், அல்லது நீங்கள் சிவில் படித்துவிட்டு சைட்டில் இருந்தால், இவற்றைச் செய்து பாருங்கள்.

ஒப்பந்தத்தில் சாரம், தடுப்பு, ஹெல்மெட், ஆர்.சி.சி.பி ஆகியவற்றுக்குத் தனி வரி எழுதி, அந்தப் பணத்தைச் சதுர அடி ரேட்டுக்கு வெளியே தனியாகக் கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் அதில் மிச்சம் பிடிக்கத் தோன்றாது.

வாரம் ஒருநாள் 20 நிமிடம் ஒதுக்கி 6 தலைப்புகளுக்கும் கோடு போடுங்கள். தப்புகளை ஆள் முகம் வராமல் போட்டோ எடுங்கள். மார்க்கை சுண்ணாம்பால் சுவரில் எழுதுங்கள். மேஸ்திரியையும் கூடவே அழைத்துச் சுற்றுங்கள். "அண்ணாச்சி, நீங்களே மார்க் போடுங்க" என்று பேனாவை அவர் கையில் கொடுத்தால், நாம் பார்க்காத 10 தப்பை அவரே காட்டுவார்.

காலையில் வேலை ஆரம்பிக்கும் முன் 5 நிமிடப் பேச்சு. இன்றைக்கு எந்த வேலை, அதில் எது ஆபத்து? பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் இருந்தால் இந்தி தெரிந்த ஒருவர் அதைச் சொல்லட்டும். அக்னி நட்சத்திர நாள்களில் உச்சி வெயில் நேர வேலையை அதிகாலைக்கு நகர்த்துங்கள். மயங்கி விழுவதும் விழுவதுதான்.

கடைசியாக ஒரு கேள்வி கேளுங்கள்: "நல வாரிய கார்டு இருக்கா?" 18 முதல் 60 வயது வரை உள்ள கட்டுமானத் தொழிலாளர்கள் பதிவு செய்யலாம். ஆன்லைனிலும் வழி இருக்கிறது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அந்தப் படிவத்தை உங்கள் மொபைலிலேயே நிரப்பிக் கொடுத்துவிடலாம். முதல் வாரம் 33 மார்க் வந்தாலும் அதை அழிக்காமல் விடுங்கள். அடுத்த வார எண்ணை அதற்குப் பக்கத்திலேயே எழுத வேண்டியிருக்கும்.